கூத்தன் பார்க்கக் கட்டிய மாடி

பெரிய ஆற்றின் தென்கரையை ஓர் அரசன் ஆண்டுவந்தான். வடகரைக் காட்டைத் திருத்தி அங்கேயும் ஊர் எழுப்ப வேண்டும் என்பது அவன் ஆசை. அதற்காக அறுவடை முடிந்ததும் குடவோலை போடுவான். குடும்பத்துக்கு ஓர் ஓலை, அதில் வீட்டுக்காரன் பெயர். குலுக்கி எடுத்த ஓலையில் யார் பெயர் இருக்கிறதோ, அவனுக்கு வடகரையில் நிலமும் அவன் கேட்கும் மூன்று பொருள்களும் கிடைக்கும். வென்றவன் விரும்பினால், அப்போதோ பிறகோ, துணைக்கு ஒரு குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம். அழைத்தால் நிலம் சரிபாதி. இதுதான் வழக்கம்.

அந்த ஊரில் செக்கு ஓட்டிய அம்பலவனின் கதையைக் கேளுங்கள்.

அவனுக்கு அடுத்த வீடு கூத்தன் வீடு. கூத்தன் கோரைப்பாய் முடைகிறவன். கூத்தன் கூரையில் சுரைக்காய் தொங்கினால் அம்பலவனுக்குச் சோறு இறங்காது. கூத்தன் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டால், தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றும். சந்தையில் கூத்தன் பாய் விற்றுத் தீர்ந்தால், அன்று செக்குமாட்டுக்கு அடி கூடுதலாக விழும்.

ஓலை போட்ட நாளிலிருந்து அம்பலவன் மாட்டின் பின்னால் நடந்தபடியே கனவு கண்டான். மாடு ஒரு சுற்று வரும். மாடி வீடு எழும்பும், கூத்தன் அண்ணாந்து பார்ப்பான். அடுத்த சுற்றில் காராம்பசு வரும். பால் கறக்கும் சத்தம் கூத்தன் காதில் விழும். அதற்கடுத்த சுற்றில் பித்தளைச் சங்கிலி ஊஞ்சல். அது ஆட ஆடக் கூத்தன் வயிறு எரியும்.

இதையெல்லாம் மனைவி உமையாளிடம் சொன்னான். அவள் எள்ளைப் புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த மாடியில நாம எப்போ படுக்கிறது? எங்கே பார்த்தாலும் அந்தக் கூத்தன்ல நிக்கிறாரு?"

அம்பலவன் பெயரே குடத்திலிருந்து வந்தது. துணைக்கு யார் என்று அரசனின் அதிகாரி கேட்டார். காட்டோரத்தில் தனியாக எப்படி இருப்பது, கூத்தன் குடும்பத்தைக் கூப்பிடுங்கள் என்று உமையாள் கெஞ்சினாள். அவனுக்கா பாதி நிலம்? ஒருவரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டான் அம்பலவன். வழியனுப்ப வந்த கூத்தன் புதுப்பாய் ஒன்றைப் படகில் வைத்தான். அந்தப் பாயும் அம்பலவன் கண்ணை உறுத்தியது.

கேட்டபடியே வடகரையில் மாடி எழும்பியது. ஏறிப் பார்த்தான், ஆற்றுக்கு அப்பால் தென்கரை பச்சைக் கோடாகத் தெரிந்தது. பசு பால் சொரிந்தது. கறக்கும் சத்தத்தைக் காட்டுக் குருவிகள்தான் கேட்டன. ஊஞ்சல் ஆடியது; பார்க்க ஆளில்லை. அம்பலவனுக்கு மறுபடியும் சோறு இறங்கவில்லை.

கூத்தன் ஏங்கி இளைத்திருப்பானா என்று பார்க்கவே ஒருநாள் படகேறினான். கூத்தன் வாசலில் பாய் முடைந்துகொண்டிருந்தான்.

"வாங்க அண்ணே. எங்க சுரைக்கொடி உங்க கூரையிலயும் ஏறிடுச்சு. உங்க பங்குக் காயைப் பறிச்சுத் தரட்டுமா?"

மாடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்பலவனுக்குத் தாங்கவில்லை.

"ஒரு தடவையாவது வந்து என் வீட்டைப் பாரேன்டா."

"கல்யாணத்துக்குப் பாய் கேட்டிருக்காங்க அண்ணே. பொழப்பை விட்டுட்டு எப்படி வர்றது?"

அம்பலவன் நேரே அதிகாரியிடம் போனான். துணைக்குக் கூத்தன் வேண்டும் என்றான். நிலம் பாதியாகிவிடுமே என்று அவர் எச்சரித்தார். போகட்டும் என்றான்.

பாதி நிலம் என்றதும் கூத்தன் குடும்பத்தோடு வந்து இறங்கினான். மாடியை ஒருமுறை பார்த்தான். வெயிலுக்கு அடக்கமான வீடு என்று மனதாரச் சொன்னான். பிறகு ஆற்றோரம் நடந்தவன் அப்படியே நின்றுவிட்டான். அங்கே ஆள் உயரக் கோரை அறுப்பாரில்லாமல் நின்றது. அந்தப் பக்கத்தையே தன் பாதியாகக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

அடுத்த அறுவடைக்குள் கூத்தன் பாய்கள் படகு படகாகப் போயின. அவன் குடிசைக் கூரையில் சுரைக்காய் தொங்கியது.

உமையாள் ஊஞ்சலில் தனியே ஆடிக்கொண்டிருந்தாள். கூத்தன் அண்ணாந்து பார்ப்பதற்காகக் கட்டிய மாடியில் நின்று, நாளெல்லாம் கீழே கூத்தனையே பார்த்துக்கொண்டிருந்தான் அம்பலவன்.

அடுத்தவன் வயிறு எரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறவனுக்கு எவ்வளவு கிடைத்தாலும், எரிவது அவன் வயிறுதான்.