சோலைமலையின் கேமராவும் தலைகீழாக நின்ற வண்டியும்

தனக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று சோலைமலை சொல்லிக் கேட்டவர்கள் திண்டுக்கல்லில் ஏராளம். அவரைப் பற்றி வேறு யாராவது அப்படிச் சொல்லிக் கேட்டவர்கள்தான் கிடையாது. பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். மகள் தேன்மொழியின் கல்யாணத்துக்காக ஒரு பெரிய கேமரா வாங்கியவர், அதைக் குளிக்கும்போது மட்டும்தான் கழுத்திலிருந்து கழற்றுகிறார் என்பாள் அவர் மனைவி ராஜாமணி.

கல்யாணம் முடிந்து முதல் தடவையாக இரண்டு குடும்பமும் சேர்ந்து ஒரு தீம் பார்க்குக்குப் போனார்கள். மாப்பிள்ளை பிரபாகரின் ஏற்பாடு. போகும் வழியில் வேனிலேயே சோலைமலை வாயை விட்டுவிட்டார். ரோலர் கோஸ்டரெல்லாம் தனக்குத் தொட்டில் மாதிரி, ஏறி உட்கார்ந்தால் கொட்டாவிதான் வரும் என்றார். சம்பந்தி துரைப்பாண்டி ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசமாட்டார். "அப்ப நீங்களும் ஏறுங்க சம்பந்தி, சேர்ந்தே போவோம்" என்று மட்டும் சொன்னார்.

உள்ளே போய், ஆகாயத்தில் முறுக்கிக்கொண்டு நின்ற அந்தத் தண்டவாளத்தைப் பார்த்ததும் சோலைமலை நடையைக் குறைத்தார். ஒரு வண்டி மேலேயிருந்து அலறிக்கொண்டு விழுந்தது. அலறியது வண்டியில்லை, ஆட்கள். முழங்கால் வலியைச் சொல்லி ராஜாமணியும் சம்பந்தியம்மாவும் நிழலில் உட்கார்ந்துகொண்டார்கள். சோலைமலைக்கு முழங்கால் வலி முதலில் தோன்றவில்லை. தோன்றியபோது வரிசைக்குள் வந்தாகிவிட்டது, பின்னால் சம்பந்தி நின்றார்.

அப்போது முன்னால் நின்ற ஒரு பெண், தன் புருஷனைத் தண்டவாளம் தெரியும்படி நட்ட நடுவில் நிறுத்திப் போனில் படம் எடுத்தாள். சோலைமலைக்கு வழி பிறந்துவிட்டது. படம் எடுக்கிறவன் தரையில்தான் நிற்கவேண்டும் என்று நாலு பேர் ஒத்துக்கொண்டால் போதும்.

"நடுவுல நிறுத்தாதீங்கம்மா. ஓரமா நிக்க வைங்க. மிச்ச இடத்தைச் சும்மா விடுங்க, படம் பேசும்" என்றார்.

அவர் ஒரு தடவை கொடைக்கானலில் மச்சானை அப்படித்தான் ஓரமாக நிறுத்தி எடுத்தாராம். பாக்கி இடம் அவ்வளவு அம்சமாக அமைந்துவிட்டதாம். பிரிண்ட் போட்டு வாங்கிப் பார்த்தால் அந்தக் காலி இடத்தில் ஒருத்தன் பஜ்ஜிக் கடை போட்டிருந்தானாம். அந்தப் பெண் சிரித்தாள். துரைப்பாண்டி சிரிக்காமல், மிளகாய் பஜ்ஜியா வாழைக்காய் பஜ்ஜியா என்று கேட்டார். வாழைக்காய்தான் என்று சோலைமலை கண்ணிமைக்காமல் சொன்னார்.

வரிசை நகர்ந்தது. சோலைமலை நகரவில்லை. பின்னால் வந்த ஒரு குடும்பத்தைப் பெரிய மனதோடு முன்னால் போகச் சொன்னார். அவர்களுக்கும் ஒரு யோசனை சொல்லியனுப்பினார். ஆளை நிறுத்துமுன் தலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டும். இல்லாவிட்டால் கம்பம், மரம் எல்லாம் தலையிலிருந்து முளைத்த மாதிரி வந்துவிடும். அவருக்குத் தெரிந்த ஒரு கத்துக்குட்டி, ஒரு கவுன்சிலர் சம்சாரத்தை ராட்டினத்துக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்துவிட்டானாம். ராட்டினம் அந்த அம்மா தலையிலேயே உட்கார்ந்துவிட்டது. வீட்டு வாசலில் நுழைய முடியாமல் நிலையை இடித்தார்களாம். காற்றடித்தால் சுற்ற வேறு செய்ததாம். கடைசியில் சோலைமலையைக் கூப்பிட்டார்கள். அவர் கொஞ்சம் இடது பக்கம் தள்ளி நின்று மறுபடி ஒரு படம் எடுத்த பிறகுதான் ராட்டினம் கழன்றது.

துரைப்பாண்டி, கழன்ற ராட்டினத்தை என்ன செய்தார்கள் என்று விசாரித்தார். பழனிப் பக்கம் ஒரு பொருட்காட்சிக்காரன் வந்து எடுத்துப் போனானாம்.

இன்னும் இரண்டு குடும்பங்கள் முன்னால் போயின. மாப்பிள்ளை கவனிக்க ஆரம்பித்துவிட்டான். தேன்மொழி அப்பாவின் காதருகே வந்து, பிடிக்கவில்லையென்றால் போய்விடலாம், தான் ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்வதாகச் சொன்னாள். அந்த வார்த்தைதான் சோலைமலையைக் கட்டிப்போட்டது. புருஷன் வீட்டாருக்கு முன்னால் மகள் தனக்காகச் சமாளிப்பதா? அவர் குரலை இன்னும் உயர்த்தினார்.

தாழ உட்கார்ந்து எடுத்தால் ஆள் உயரமாகத் தெரியும் என்றார். உயரம் போதாதென்று போலீஸ் வேலைக்குப் போய்த் திருப்பி அனுப்பப்பட்ட தம்பி முறைக்காரன் ஒருவனைத் தரையில் படுத்துக்கொண்டு எடுத்தாராம். மறுநாள் அவனுக்குப் பேண்ட் பத்தவில்லை. இன்றைக்கு ஸ்டேஷன் ஜீப்பில் தலையை மடக்கிக்கொண்டுதான் போகிறானாம். அடிவானம் கோணாமல் இருக்கவேண்டும் என்றார். இதே மாதிரி ஒரு பார்க்கில் அலைக்குளத்தை அவர் தெரியாமல் கேமராவைச் சாய்த்துப் பிடித்து எடுக்க, தண்ணீர் மொத்தமும் ஒரு பக்கமாக ஓடி, குளித்துக்கொண்டிருந்த ஜனமெல்லாம் மூலையில் குவியலாகக் கிடந்ததாம். அவர் நேராகப் பிடித்த பிறகுதான் அவரவர் துண்டு அவரவருக்குக் கிடைத்தது.

இப்போது அவர்களுக்கு முன்னால் யாரும் இல்லை. வண்டி வந்து நின்றது.

"ஏறுங்க மாமா" என்றான் மாப்பிள்ளை.

சோலைமலை தன் கடைசிச் சரக்கை எடுத்தார். "ஏறலாம் மாப்ள. ஆனா எனக்கு ஒரு கஷ்டம் இருக்கு. ஓடுற வண்டிய எடுக்கணும்னா ஷட்டர் வேகத்தைக் கூட்டணும். ஒரு தடவை கொஞ்சம் கூடுதலா கூட்டிட்டேன்."

கூட்டிவிட்டு அமுக்கினாராம். தலைகீழாகப் போய்க்கொண்டிருந்த வண்டி அப்படியே நின்றுவிட்டது. ஆட்கள் வௌவால் மாதிரி தொங்கினார்கள். கேமராவை அணைக்கப் போனால் பேட்டரி தீர்ந்துவிட்டது. சார்ஜர் வீட்டில். பஸ் பிடித்துத் திண்டுக்கல் போய் எடுத்து வருவதற்குள், தொங்கினவர்களுக்குத் தொரட்டியில் கட்டித் தயிர்சாதம் கொடுத்தார்களாம். தலைகீழாகவே சாப்பிட்டு, தலைகீழாகவே ஏப்பம் விட்டார்களாம். அதிலிருந்து, கோஸ்டர் ஓடுகிற இடத்தில் தான் கீழே இருந்தால்தான் எல்லாருக்கும் நல்லது என்று முடித்தார்.

துரைப்பாண்டிக்குப் பழைய ரயில்வே உத்தியோகம் ஞாபகம் வந்துவிட்டது. "வண்டி லேட்டுன்னு யாருகிட்ட கையெழுத்து வாங்குனாங்க?" என்று கேட்டார்.

சோலைமலை அதற்கும் ஒரு கதை தேடத் தொடங்கினார். அதற்குள் வாசலில் நின்ற ஊழியர், கேமரா வண்டியில் கூடாது, மேலேயே தானியங்கிக் கேமரா இருக்கிறது, அது எல்லாரையும் எடுத்துவிடும் என்றார். கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து ராஜாமணி எழுந்து வந்து கையை நீட்டினாள். சோலைமலை கேமராவைக் கழற்றிக் கொடுத்தார். கழுத்து வெறுமையாகிவிட்டது.

மற்றவர்களை முன்னால் விட்டு விட்டு நின்றதில், புதிதாக வந்த வண்டியின் முதல் வரிசைதான் அவருக்கு வாய்த்தது. பக்கத்தில் துரைப்பாண்டி. இரும்புத் தடுப்பு மார்பில் வந்து விழுந்தது. வண்டி கடகடவென்று ஏறியது. மரங்கள் கீழே போயின, ராஜாமணி ஒரு புள்ளியானாள். உச்சியில் வண்டி ஒரு கணம் யோசித்த மாதிரி நின்றது. முன்னால் தண்டவாளமே இல்லை.

"சம்பந்தி," என்றார் துரைப்பாண்டி மெல்ல. அவர் குரல் சரியாக இல்லை. "சர்வீஸ் பூரா நான் கடைசிப் பெட்டியிலதான் இருந்தேன். முன்னால என்ன வருதுன்னு ஒருநாளும் பார்த்ததில்ல."

சோலைமலை திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வண்டி விழுந்தது.

வண்டி நின்றதும் இருவரும் இறங்கினார்கள். துரைப்பாண்டி கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார், சோலைமலை துரைப்பாண்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார். வெளிவாசலில் ஒரு திரையில் படங்கள் ஓடின. எல்லாரும் கூடி நின்றார்கள். படத்தில் பின் வரிசையில் தேன்மொழியும் மாப்பிள்ளையும் கையைத் தூக்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். முன் வரிசையில் இரண்டு பெரியவர்கள், காணாமல் போய்த் திரும்பிவந்த அண்ணன் தம்பி மாதிரி கழுத்தைக் கட்டிக்கொண்டு கிடந்தார்கள். ஒருவர் கண்ணை இறுக மூடியிருந்தார். இன்னொருவரின் வாய் கடைவாய்ப் பல் தெரியத் திறந்திருந்தது.

துரைப்பாண்டி, தனக்கு ஒரு பிரதி வேண்டும் என்று கவுண்டரில் சொல்லிவிட்டார். சோலைமலை தொண்டையைக் கனைத்துக்கொண்டார். வெளிச்சம் சரியில்லை, இதில் முகமெல்லாம் மாறித்தான் தெரியும் என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, "அது நான் இல்ல" என்றார்.

ராஜாமணி திரைக்குக் கிட்டே போய்ப் படத்தை நிதானமாகப் பார்த்தாள்.

"நீங்க இல்லதாங்க" என்றாள். "வாய் இவ்வளவு திறந்திருக்கு, ஒரு வார்த்தைகூட வெளிய வரலையே."