சுவர் தாண்டிய சுரைக்கொடி

மாசிலாமணி முப்பத்தைந்து வருடம் நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவர். தாம்பரத்துக்கு அப்பால் ஒரு நகரில் வீடு. வீட்டுக்குப் பின்னால் இருபதுக்கு முப்பது அடியில் கொஞ்சம் இடம் கிடந்தது. வீடு கட்டும்போது கொட்டிய செங்கல் துண்டும் ஜல்லியும்தான் அதில் இருந்தன. அங்கே காய்கறி போட வேண்டும் என்ற ஆசை அவருக்கு அறுபத்து நான்காவது வயதில் வந்தது.

குருவாக வாய்த்தவள் தெருமுனையில் மாவு மில் நடத்தும் அஞ்சலை. வயது முப்பத்தாறு. தன் வீட்டுக் கொல்லையிலேயே சாப்பாட்டுக்கு வேண்டியதை விளைவிக்கிறவள். தலையில் எந்நேரமும் அரிசி மாவு படிந்திருக்கும். அந்த நரையைப் பார்த்துத்தான் இவர் குருவாக ஏற்றுக்கொண்டாரோ என்னவோ.

முதல் நாள், என்ன உரம் வாங்கலாம் என்று கேட்டார். காலையில் பெருக்கும் வேப்பஞ்சருகை என்ன செய்கிறீர்கள் என்று அவள் கேட்டாள். கொளுத்திவிடுவதாகச் சொன்னார். குளிக்கிற தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டாள். தெருச் சாக்கடைக்கு என்றார்.

"உரத்தைக் கொளுத்திட்டு, தண்ணியைத் தெருவுல விட்டுட்டு, அப்புறம் கடைக்கு வேற போகணுமா சார்?"

அன்றைய பாடம் அவ்வளவுதான். அவள் மிஷினைப் போட்டுவிட்டாள்.

ஒரு வருடத்தில் சருகு மக்கி மண்ணாயிற்று. குளியலறைக் குழாய் வாயில் வாழை நின்றது. கீரையும் வெண்டையும் கத்தரியும் அடுப்படிக்கு வந்தன. காய்கறிப் பை ஆணியிலேயே தொங்கி நூலாம்படை கட்டியது. அவர் மனைவி இந்திராணி குழம்பு கொதிக்கும்போதெல்லாம் "அஞ்சலை நல்லா இருக்கணும்" என்பாள். மாசிலாமணியும் மனசுக்குள் அதையே சொல்லிக்கொள்வார்.

ஆடிப் பெருக்கன்று அஞ்சலை அவரிடம் நான்கு சுரை விதைகளைக் கொடுத்தாள். அவள் அம்மா வழியில் வந்த சுரை அது. போன வாரம் கொட்டிய மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து விதைப்புட்டி எல்லாம் ஊறிப்போயிருந்தது. தப்பியவை இந்த நான்குதான்.

"என் கொல்லையில இன்னும் தண்ணி வடியல சார். நீங்க போடுங்க. ஒரு காயை மட்டும் பறிக்காம கொடியிலேயே முத்த விட்டுடுங்க. அது போனா இந்த ஜாதியே போச்சு."

மூன்று விதை முளைக்கவில்லை. ஒன்று முளைத்து, பந்தலை நிறைத்து, மதில் சுவரையும் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குள் இறங்கியது. அங்கேதான் அவருக்கு வயிறு எரிந்தது. பக்கத்து வீட்டு நர்ஸ் ஜெபமணியோடு அவருக்கு ஆறு வருடமாகப் பேச்சு இல்லை. அந்தம்மா எழுப்பிய சுவர் அரையடி தன் பக்கம் வந்துவிட்டதென்று அளந்து காட்டி, இடித்துத் திரும்பக் கட்ட வைத்தவர் இவர். நுனியைக் கிள்ளிவிடலாமா என்று மில்லில் போய்க் கேட்டார்.

"விடுங்க சார். கொடிக்கு உங்க அளவெல்லாம் தெரியாது."

அரை மனதாய் விட்டார். ஆனால் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

விதைக்காக ஒரு காயில் சிவப்புத் துணி கட்டி வைத்தார். அது குழந்தை உயரத்துக்கு வளர்ந்தது. மார்கழிக் கடைசியில் கொடி காய ஆரம்பித்தது. பொங்கல் வந்தது. இத்தனை கொடுத்த குருவுக்கு வெறும் கையோடு போவதா? இருப்பதில் சிறந்ததை அல்லவா கொடுக்க வேண்டும்? காய் பெரிதாகிவிட்டது, முத்தித்தான் இருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். துணியை அவிழ்த்து, காயை அறுத்து, மஞ்சள் குங்குமம் வைத்து மில்லுக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

அஞ்சலை காயை மடியில் வாங்கி நகத்தால் அழுத்தினாள். நகம் இறங்கியது.

"பிஞ்சு சார்."

மாசிலாமணி, கொடியில் வேறு காய் இல்லை என்று தட்டுத்தடுமாறிச் சொன்னார். உங்கள் அம்மா வீட்டுச் சொத்தை நானே அறுத்துப்போட்டேனே என்று புலம்பினார். அவள் கோபப்படவில்லை. மில்லைப் பூட்டிவிட்டு நடந்தாள். அவர் பின்னாலேயே போனார். அவர் வீட்டைத் தாண்டி, ஜெபமணி வீட்டு கேட்டைத் தட்டினாள். அவர் தெருவிலேயே நின்றுவிட்டார்.

"உள்ள வாங்க சார்" என்றாள் ஜெபமணி. ஆறு வருடத்துக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை.

சுவரின் அந்தப் பக்கம், ஜன்னல் கம்பியைச் சுற்றிக் கிடந்த காய்ந்த கொடியில் ஒரு சுரைக்காய் தொங்கியது. பழுப்பேறி, மரம்போல் இறுகியிருந்தது. அஞ்சலை தட்டிப் பார்த்தாள். உள்ளே விதைகள் கலகலத்தன.

"ஏம்மா பறிக்கல?" என்று கேட்டார் மாசிலாமணி.

"உங்க வீட்டுக் காயாச்சே சார். கேக்காம எப்படிப் பறிக்கிறது? கேக்கலாம்னா பேச்சு இல்ல."

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கவும் தோன்றவில்லை. ஜெபமணியைப் பார்த்துக் கை கூப்பினார். ரொம்ப நன்றிம்மா, அந்த அரையடிக்கும் சேர்த்து மன்னிச்சிடுங்க என்றார். அந்தம்மா உள்ளே போய் மூன்று டம்ளர் மோர் கொண்டுவந்தாள்.

குடித்து முடித்ததும் அவர் அஞ்சலையிடம் திரும்பினார்.

"கொண்டுவந்த காயும் வீணாப் போச்சு. உங்களுக்கு நான் என்னதான் செய்யறது, சொல்லுங்கம்மா."

அஞ்சலை காயைக் கல்லில் தட்டி உடைத்தாள். ஒரு பிடி விதையை முந்தானையில் முடிந்துகொண்டாள். மாசிலாமணி கையை நீட்டினார். அவள் மீதி விதைகளை அள்ளி ஜெபமணியின் கையில் வைத்தாள்.

"வர்ற ஆடிக்கு இவங்க ஊணட்டும் சார். கொடி உங்க பக்கம் வரும்."