இலையும் இரண்டு தராசும்

தராசை வைத்து ஆசான் சொன்ன விளக்கத்தை மாசிலாமணி ஏழு வருடமாக நம்பியும் நம்பாமலும் இருந்தார்.

அது சொல்லப்பட்டபோது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. வாத்தியார் வேலையை விட்டுவிட்டு, தம்மைவிட இளையவரான குமாரதாஸ் ஆசானிடம் வைத்தியம் படித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் மருந்து இடித்துக்கொண்டே கேட்டார்.

"என் வீட்டுக்காரிக்கு மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆகிறது ஆசானே. திடீர் திடீரென்று உடம்பு தீயாய் எரிகிறது என்கிறாள். வியர்த்துக் கொட்டுகிறது. பிறகு போர்வை தேடுகிறாள். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை."

"அவங்ககிட்ட என்ன சொன்னீர்?"

"ஒன்றுமில்லை, எல்லாம் மனசுதான் என்றேன். அன்றிலிருந்து என்னிடம் எதையும் சொல்வதில்லை. விசிறியை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுகிறாள்."

ஆசான் ஓர் ஆடாதோடை இலையைக் கிள்ளி, மூட்டை நிறுக்கும் பெரிய தராசில் போட்டார். தட்டு அசையவில்லை. அதே இலையை, பற்பப் பொடியைக் குன்றிமணி அளவில் நிறுக்கும் சின்னத் தராசில் போட்டார். தட்டு சட்டென்று இறங்கியது.

"இலை கனத்துப்போச்சா வே?"

"இல்லை."

"தராசு பொய் சொல்லுதா?"

"அதுவும் இல்லை."

"சூட்டை நிறுக்க மூளைக்குள்ள ஒரு தராசு இருக்கு. இந்த வயசில சுரப்பு குறையும். பெரிய தராசு போய்ச் சின்னது வந்துரும். இம்மி சூட்டுக்கும் உடம்பு பதறி, ரத்தத்தைத் தோலுக்கு ஏத்தி, வேர்த்துத் தள்ளும். உம்ம தெர்மாமீட்டர் இலையைத்தான் பாத்தது, தராசைப் பாக்கல."

மாசிலாமணி குழம்பினார். கல்யாணமே ஆகாதவருக்கு இது எப்படித் தெரியும்? படித்த சுவடி எதிலும் இல்லையே. வீட்டில் சொல்லப் பலமுறை வாயெடுத்தார். பாதி நம்பியதை எப்படிச் சொல்வது? அந்த எரிச்சல் எப்போது நின்றது என்பதுகூட அவருக்குத் தெரியாமல் போயிற்று. மனைவி ரத்தினபாயும் பேசவில்லை.

ஏழாம் வருடம் கேட்டேவிட்டார்.

"அந்தத் தராசு விஷயம் எந்தச் சுவடியில் இருக்கிறது ஆசானே?"

"சுவடியா? டாக்டரம்மா சொன்னதைக் கேட்டுக்கிட்டு உம்ம வீட்டம்மா இங்க வந்தாங்க. நீர் கேட்டதுக்கு முந்தின நாள். இலையைப் போட்டுக் காட்டச் சொன்னதும் அவங்கதான். 'நான் சொன்னா நம்பமாட்டார், நீங்க சொன்னா நம்புவார்'னாங்க."

மாசிலாமணி சின்னத் தராசின் தட்டை விரலால் தொட்டார்.

"நான் நம்பினேனா என்று உங்களிடம் கேட்க, அவள் மறுபடி வந்தாளா ஆசானே?"