குரங்குகள் கண்டுபிடித்த தங்கச்சி

கூர்மூக்கிக்குத் தான் எந்த இனம் என்பதில் எப்போதுமே குழப்பம். அவள் மூங்கிலணத்தான் என்ற சின்னக் காட்டுவிலங்கு. அணிலைப் போல வால், மூஞ்சூறைப் போல மூக்கு. அணில்களிடம் போனால், முதுகில் கோடு எங்கே என்று கேட்டு விரட்டின. மூஞ்சூறுகளிடம் போனால், இவ்வளவு பெரிய வாலை வைத்துக்கொண்டு வளைக்குள் எப்படி வருவாய் என்று சிரித்தன.

ஆகவே, குரங்குத் தலைவன் தாட்டிக் கடுவன் ஒருநாள் “தங்கச்சி” என்று கூப்பிட்டபோது, அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். அங்கே வேறு யாரும் இல்லை.

“உன்னைத்தான். நீ அணிலும் இல்லை, மூஞ்சூறும் இல்லை. எங்கள் ஆள். குரங்குக்கு ஒன்றுவிட்ட தங்கை.”

இது அவன் சொந்தமாகக் கண்டுபிடித்தது இல்லை. மலையடிவாரத்தில் கூடாரம் போட்டிருந்த ஆராய்ச்சிக்காரர்கள் பேசியதை, ரொட்டி திருடப் போன இடத்தில் கேட்டுவிட்டு வந்திருந்தான். இவள் இனத்தின் உடம்பு எலியைவிட மனித உடம்புக்கு நெருக்கமாம். இவற்றுக்கு மருந்து கொடுத்துப் பார்த்தால் மனிதருக்கு என்ன ஆகும் என்று தெரியுமாம். மனிதருக்கே அப்படியென்றால் குரங்குக்குக் கேட்கவா வேண்டும் என்று கடுவன் முடிவுகட்டிவிட்டான்.

அவனுக்கும் ஒரு கஷ்டம் இருந்தது. அந்த வருஷம் மழை இல்லை, அத்தி காய்க்கவில்லை. பசியில் எதையோ கடித்த குரங்குக் குட்டி ஒன்று பொழுது சாய்வதற்குள் செத்துப்போனது. அதிலிருந்து புதுக் காய் எதையும் தொடக் கூட்டத்துக்குப் பயம். ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு செடி நிறையச் சிவப்புக் காய் தொங்கியது. நாம் பார்த்தால் காந்தாரி மிளகாய் என்று சொல்லிவிடுவோம். அந்தக் குரங்குகள் அதைக் கண்டதே இல்லை.

“சொந்தக்காரி நீ தின்று காட்டினால் எங்களுக்குத் தைரியம் வரும்” என்றான் கடுவன்.

தன்னைச் சொந்தம் என்று ஒருவர் சொல்லிக் கேட்டது அவளுக்கு அதுதான் முதல் தடவை. ஒரு காயைக் கடித்தாள். அவள் இனத்துக்கு மிளகாய் உறைக்காது. உறைப்பு என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது.

“எப்படி இருக்கு, தங்கச்சி?”

“நன்றாக இருக்கு, அண்ணே. இன்னும் இரண்டு கிடைக்குமா?”

கிடைத்தது. கூடவே காவலும் கிடைத்தது. விஷம் மெதுவாக ஏறும் என்று சொல்லி, ஒரு குரங்கு அவள் வாலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது. இன்னொன்று வயிற்றை அமுக்கிப் பார்த்தது. மூச்சை மோந்தார்கள், கண்ணிமையைத் தூக்கினார்கள், அவள் போட்ட புழுக்கையைக்கூடச் சுற்றி நின்று பார்த்தார்கள். சொந்தக்காரர்கள் இப்படித்தான் விசாரிப்பார்கள் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததும் மார்பில் பால் கட்டி வலித்தது. வீட்டுக்குப் போக வேண்டும், வேங்கைமரப் பொந்தில் இரண்டு குட்டிகள் பசியோடு இருக்கும் என்று சொன்னாள்.

பூஞ்செவி என்ற மந்தி அதை நம்பவில்லை. அந்த மந்தியின் வயிற்றில் அதன் குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. “குட்டி பெற்றவள் வயிறு இப்படி வெறுமையாக இருக்குமா? நேற்றெல்லாம் எங்களோடுதானே இருந்தாய்?”

தன் இனத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் பால் கொடுப்பது வழக்கம் என்று கூர்மூக்கி விளக்கினாள். வயிறு முட்டக் கொடுத்துவிட்டு விலகிப்போய்விட வேண்டும். தாய் பக்கத்திலேயே இருந்தால் வாசனை பிடித்துப் பாம்பு வந்துவிடும். இன்று கொடுக்கும் நாள்.

கூட்டமே சிரித்தது. தப்பிக்கப் பொய் சொல்கிறாள் என்றார்கள் சிலர். நிஜமென்றால் இவள் ஒரு தாயா என்றார்கள் சிலர். கூர்மூக்கி பூஞ்செவியின் குட்டியைப் பார்த்தாள். அது தாயின் மயிரை இறுகப் பிடித்திருந்தது. ஒருவேளை நான்தான் தப்பாக வளர்க்கிறேனோ என்று ஒரு கணம் தடுமாறினாள். ஆனால் பால் மட்டும் தடுமாறாமல் வலித்தது.

“அண்ணே, எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை” என்றாள். “நான் உங்கள் இனமா, இல்லையா? உங்கள் இனம் என்றால், பூஞ்செவியின் குட்டி அழுதால் அவளை எப்படி விடுவீர்களோ அப்படி என்னை விடுங்கள். இல்லையென்றால், என் வயிற்றை வைத்து உங்கள் வயிறு எப்படித் தெரியும்?”

கடுவன் தலையைச் சொறிந்தான். “தின்று பார்க்கிற விஷயத்தில் நீ எங்கள் இனம். மற்றதில் நீ வேறே.”

“அதை யார் பிரித்தது?”

“நான்தான். பேசாமல் கிட, அணிலே.”

“நேற்று அணில் இல்லை என்றீர்களே!”

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு கிழக்குரங்கு, விஷம் தின்றவள் இவ்வளவு வாதாடுவாளா, காய் நல்ல காய்தான் என்று சொல்லிவிட்டது. அவ்வளவுதான். பசித்த கூட்டம் செடிமேல் பாய்ந்தது. வாலைப் பிடித்திருந்த குரங்கும் தன் பங்குக்காக ஓடியது. வாய் கொள்ளாமல் அடைத்துக் கடித்தார்கள்.

பிறகு எழுந்த கூச்சலில் காடே அதிர்ந்தது. எல்லோரும் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு, வற்றிய ஓடையில் சேற்றை நக்கினார்கள். கடுவன் கண்ணைக் கசக்க, கையிலிருந்த காரம் கண்ணிலும் ஏறியது.

“பொய்க்காரி!” என்று கத்தினான்.

கூர்மூக்கி திகைத்து நின்றாள். காய் நன்றாக இருக்கிறது என்றாள், குட்டி பசித்திருக்கிறது என்றாள். இரண்டும் உண்மை. தங்களுக்கு வசதியானதை மட்டும் அவர்கள் நம்பினார்கள். இதைச் சொல்லி வாதாட வாய் துடித்தது. ஆனால் பால் வலித்தது, ஓடினாள்.

பொந்துக்குள் பெரிய குட்டி உடனே மார்பைப் பற்றிக்கொண்டது. சின்னது குளிர்ந்து கிடந்தது. நக்கி நக்கிச் சூடேற்றினாள். வெகுநேரம் கழித்து அதுவும் வாயைத் திறந்தது. தான் எந்த இனம் என்பது அப்போதும் அவளுக்குத் தெளியவில்லை. குடிக்கிற இரண்டுக்கும் அந்தச் சந்தேகம் இல்லை.

ஓர் உயிரை நம்மைப் போன்றது என்று சொல்லிச் சோதித்தால், அதன் வலியும் நம் வலியைப் போன்றதே என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு மனமில்லாதவர்கள் அதன் உடம்பில் தங்களுக்கு விடை தேடக் கூடாது.