மஞ்சள் மீன்

பொன்னரசுவுக்கு டாக்டர் பட்டமும் கவனத்தை அளக்கும் ஒரு போன் செயலியும் ஒரே மாதத்தில் கைக்கு வந்தன. இரண்டில் செயலியைத்தான் அதிகம் நம்பினான்.

அவனுக்குக் குரு டாக்டர் ரஹ்மத் நிசா. தூத்துக்குடியில் குழந்தைகளுக்கான மனநல டாக்டர். ஒரு பிள்ளைக்கு ஏ.டி.எச்.டி. இருக்கிறதா, அதாவது கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க மணிக்கணக்கில் பேசுவார். பொன்னரசு பேசமாட்டான், போனை நீட்டுவான். திரையில் மீன்கள் போகும். மஞ்சள் மீனை மட்டும் தொட வேண்டும். கடைசியில் செயலி பச்சை காட்டினால் கவனம் சரி, சிவப்பு காட்டினால் சந்தேகம்.

அன்று ஜெனிபா வந்தாள். எட்டு வயது. கூட்டிவந்தது அப்பா சகாயம், உப்பு லாரி ஓட்டுகிறவர். பாதிக் கணக்கில் எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுகிறாள் என்று டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். சகாயத்துக்குக் கணக்கு எளிது. கோளாறு என்றால் வைத்தியம். கோளாறு இல்லையென்றால் கொழுப்பு. கொழுப்பு என்றால் ஜூனில் ஹாஸ்டல். பெட்டிகூட வாங்கியாயிற்று.

பொன்னரசு ஜெனிபா பக்கத்தில் உட்கார்ந்து போனைக் கொடுத்தான். சோதனை நடக்கும்போது யாரும் பேசக் கூடாது என்பது விதி. அவனால் அது முடியாது. பைக் ஒரே உதையில் கிளம்பினால் பைக்குக்கே சபாஷ் சொல்கிற ஆள். ஒவ்வொரு மஞ்சள் மீனுக்கும் சபாஷ் சொன்னான். ஜெனிபா ஒன்றைக்கூட விடவில்லை.

"மேடம், பச்சை. இப்படி ஒரு பச்சையை நான் பார்த்ததே இல்லை."

சகாயம் எழுந்தார். "அப்போ கொழுப்புதான். வா ஏட்டி."

ஜெனிபா வரவில்லை. நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ரஹ்மத் நிசா போனை வாங்கி அதே விளையாட்டை மறுபடி போட்டு அவளிடம் கொடுத்தார். பெரியவர்கள் மூவரும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே போய் டீ குடிக்கலாம் என்றார். குடித்தார்கள். உள்ளே போனபோது திரை சிவப்பாக இருந்தது. ஜெனிபா மேஜைக்கு அடியில் இருந்தாள்.

போனில் புதிதாகப் படங்கள் இருந்தன. மின்விசிறி. அவள் கால் கட்டைவிரல். ஆடுகிற பல், வெகு பக்கத்தில். சுவரோரம் எறும்பு வரிசை. சகாயம் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். பல்லைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததால் எல்லோரும் சிரித்தார்கள். மேஜைக்கு அடியிலிருந்தும் சிரிப்பு வந்தது.

பொன்னரசு மட்டும் சீக்கிரம் நிறுத்திவிட்டான்.

"மேடம், எது சரி? பச்சையா, சிவப்பா?"

"ரெண்டும் சரி."

"அது எப்படி?"

"பச்சை வந்தப்போ அவ பக்கத்துல யார் இருந்தா?"

"நான்தான்," என்று பொன்னரசு தலையைச் சொறிந்தான்.

போனை மட்டும் வைத்துக்கொண்டு கோளாறு என்று பேர் சூட்டமாட்டேன், டீச்சரிடமும் அம்மாவிடமும் பேச வேண்டும் என்று ரஹ்மத் நிசா சகாயத்திடம் சொன்னார். கோளாறாக இருந்தால் வைத்தியம் உண்டு. கொழுப்பு இல்லை என்பதை இன்றைக்கே எழுதித் தரவும் தயார்.

சகாயம் மறுபடி பல் படத்துக்குத் தள்ளினார்.

"அப்போ அந்த ஹாஸ்டல், டாக்டரம்மா?"

"அங்கே இவ பக்கத்துல உட்கார ஆள் இருந்தா அனுப்புங்க."

ஜெனிபா மேஜைக்கு அடியிலிருந்து வந்து, அப்பா கையிலிருந்த போனைப் பிடுங்கி, மூன்றாவது முறையாக மீன்களை ஓடவிட்டாள். சகாயம் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு, லாரியில் உட்காருவது போல விறைப்பாக உட்கார்ந்தார்.

மஞ்சள் மீன் வந்தது. தொட்டாள்.

பொன்னரசு வாயைத் திறந்தான். அதற்குள் சகாயம் சொல்லிவிட்டார்.

"சபாஷ்."

பொன்னரசு வாயை மூடிக்கொண்டான்.