புகைக்குள் போன கொன்றையூர்

பீரங்கிகளுக்குப் பேச வராது என்று யாரும் முடிவு கட்டியிராத வெகு காலத்துக்கு முன்னால், கொன்றையூர் என்றொரு ராஜ்யம் இருந்தது. ஊர் நடுவே காவல்குன்று. அதன் உச்சியில் இருந்த கோட்டை இடிந்த பிறகு, ராணி அங்கே பூந்தோட்டம் போடச் சொன்னாள். கோட்டையில் மிஞ்சியது இடுப்பளவு மதிலும், ஒரு தடவைகூட வெடிக்காத பீரங்கியும்தான். அதை வார்த்தவன் மந்திரவாதி என்று சொல்லிக்கொள்வார்கள்.

தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவள் தில்லையம்மா. குன்றிலேயே பிறந்து குன்றிலேயே வாழ்க்கைப்பட்டவள். ஒரு நாளும் கீழே இறங்கியதில்லை. அவள் புருஷன் உடையப்பன்தான் காலையில் கழுதையோடு ஊருக்குள் இறங்குவான், சாயங்காலம் எருமூட்டைகளோடு ஏறி வருவான். எந்த மூட்டை எங்கே அள்ளியது என்று சொல்லிச் சொல்லித்தான் இறக்குவான்.

அவள் வைத்ததெல்லாம் பூத்தது. ஆனால் முந்நூறு படி ஏறி வந்த ஜனங்கள் என்ன செய்தார்கள்? ரோஜாவுக்கு முதுகைக் காட்டினார்கள். செவ்வந்திக்கு முதுகைக் காட்டினார்கள். மதிலில் கையூன்றிக் கீழே பார்த்தார்கள். "அதோ கோபுரம். அதோ ஏரி. அதோ நம்ம வீடு." தினமும் இதே மூன்று பேச்சு. சொந்த வீட்டைப் பார்க்க எதற்கு முந்நூறு படி ஏறவேண்டும் என்று தில்லையம்மாவுக்கு விளங்கவே இல்லை.

ஒரு நாள், பச்சைச் சேலைக்காரி ஒருத்தி தன் வீடு இன்னும் நன்றாகத் தெரியட்டும் என்று செவ்வந்திப் பாத்தியில் ஏறி நின்றாள். காலடியில் நாற்று நசுங்கியதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

எல்லோரும் போனபின் தில்லையம்மா பீரங்கியைத் துடைத்தாள். அழுத்தித் துடைத்தாள். அப்போது அது பேசியது.

"நெருப்பில்லாம நூறு வருஷமாக் கிடக்கேன். உன்கிட்ட இருக்கிற பொறாமையைக் கொஞ்சம் கொடு. திரி வைக்கிற துளையில வாயை வச்சுச் சொல்லு, போதும்."

தில்லையம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். குனிந்து, அந்தக் கோபுரத்தைக் கண்டாலே ஆகாது என்றாள். பீரங்கியின் வாயிலிருந்து வெள்ளைப் புகை இறங்கிப் போய்க் கோபுரத்தை மூடியது. மறுநாள் ஏரியைச் சொன்னாள். ஏரி மறைந்தது. மூன்றாம் நாள் காலை, உடையப்பன் இறங்கிப் போனபின், வீடுகளைச் சொன்னாள். அதைச் சொல்லத்தான் கொஞ்சம் நேரம் பிடித்தது. அவ்வளவு சேர்த்து வைத்திருந்தாள்.

அந்நேரம் பாதிப் படி ஏறியிருந்தவர்கள் மேலே வந்தபோது மதிலுக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. திரும்பினார்கள். இவ்வளவு பூவா என்றார்கள். தில்லையம்மா பாத்தி பாத்தியாக நடந்து ஒவ்வொன்றுக்கும் பெயர் சொன்னாள். மத்தியானம் சாப்பிடக்கூட மறந்துபோனாள்.

சாயங்காலம் ஆயிற்று. ஒருவரும் இறங்கவில்லை. பச்சைச் சேலைக்காரியிடம் போய், வீட்டுக்குப் போகவில்லையா என்று கேட்டாள்.

"எந்த வீடு?" என்று சிரித்தாள் அவள்.

அந்த நேரம் பார்த்துக் கழுதை படியேறி வந்தது. முதுகில் மூன்று மூட்டை. பின்னால் உடையப்பன் இல்லை.

மதிலில் நின்று கூப்பிட்டாள். பத்துப் படி இறங்கினாள். தன் கால் தனக்கே தெரியவில்லை. ஏறி ஓடி வந்து, அவர் எங்கே என்று பீரங்கியைக் கேட்டாள்.

"ஊரில இருந்தவங்க ஊரோட போனாங்க," என்றது பீரங்கி. "வாயால வந்த புகை வாயாலதான் போகும். மூணையும் மெச்சிச் சொல்லு. பொழுது சாயறதுக்குள்ள."

"கோபுரம் அழகு, ஏரி அழகு, வீடு அழகு," என்று ஒரே மூச்சில் சொன்னாள். பீரங்கி இருமியது. புகை மதில் வரைக்கும் ஏறிவிட்டது.

"பொய்," என்றது பீரங்கி.

கிட்டப் போய்ப் பார்த்தறியாத ஊரை எப்படி மெச்சுவது? கை பழக்கத்தில் கழுதையின் முதுகிலிருந்து மூட்டைகளை இறக்கியது. முதல் மூட்டையை அவிழ்த்ததுமே வாடை தெரிந்தது: கோயில் யானை. உடையப்பன் சொல்லவேண்டிய அவசியமில்லை.

துளையருகே குனிந்தாள். "என் ரோஜா அந்தக் கோயில் யானை போட்ட எருவிலதான் வேர் பிடிச்சுது. அந்த யானை நல்லா இருக்கணும்."

கோபுரத்தின் கலசம் வெளியே வந்தது.

இரண்டாவது மூட்டையில் ஏரி வண்டல். அது இல்லாவிட்டால் இந்தப் பாறையில் புல்கூட முளைத்திருக்காது என்றாள். தண்ணீர் மினுங்கியது.

மூன்றாவதில் அடுப்புச் சாம்பல். கைவிட்டுக் கிளறினாள். கரித்துண்டு, வெந்த புளியங்கொட்டை, உடைந்த வளையல் துண்டு ஒன்று, பச்சை. சூரியன் பாதி இறங்கியிருந்தது. நசுங்கிய நாற்று கண்முன் நின்றது.

"எத்தனையோ வீட்டுச் சாம்பல்," என்றாள் கடைசியில். "அவங்க அடுப்பு எரிஞ்சதாலதான் என் செவ்வந்தியில பூச்சி விழலை. நல்ல வீடுங்கதான் எல்லாம். செவ்வந்தியை மிதிச்சவ வீடும்."

புகை கலைந்தது. தெரு தெருவாக ஊர் வந்தது. படியில் உடையப்பன் ஏறி வந்துகொண்டிருந்தான்.

"கழுதை வந்துடுச்சா?" என்றான்.

"வந்துடுச்சு. நீங்க வந்தீங்களான்னு அது கேட்டுச்சு," என்றாள் தில்லையம்மா. குனிந்து மூட்டையைக் கட்டினாள்.

ஜனங்கள் மதிலுக்கு ஓடினார்கள். அதோ நம்ம வீடு, அதோ நம்ம வீடு. திரும்பவும் முதுகுகள். தில்லையம்மா சும்மா இருக்கவில்லை. பச்சைச் சேலைக்காரியின் கையைப் பிடித்து அழைத்துப் போய், "இதுலயும் உங்க வீடு இருக்கு," என்று பாத்தியைக் காட்டினாள். அவள் தன் கால்தடத்தைப் பார்த்தாள். உட்கார்ந்து நாற்றை நிமிர்த்தினாள்.

அதிலிருந்து காவல்குன்றில் ஒரு வழக்கம் வந்தது. ஏறுகிறவர்கள் தங்கள் அடுப்புச் சாம்பலில் ஒரு பிடி முடிந்துகொண்டு வருவார்கள். தங்களுடையதென்று வைத்துக்கொண்ட ஒரு செடிக்குப் போட்டு, மொட்டு எத்தனை என்று பார்த்துவிட்டுத்தான் மதிலுக்குப் போவார்கள்.

பீரங்கியின் வாயில் யானை எருவை அடைத்து, தில்லையம்மா ஒரு முல்லைக்கொடி நட்டாள். அதன்பின் அது பேசவில்லை. ஆனால் பீரங்கி வாயில் பூத்த முல்லையைப் பார்க்கவென்றே பக்கத்து ராஜ்யத்திலிருந்தெல்லாம் கூட்டம் வந்தது. அவர்கள் ரோஜாவுக்கு முதுகைக் காட்டி அதைச் சுற்றி நிற்கும்போது தில்லையம்மா தன் ரோஜாக்களை ஒரு முறை பார்த்துக்கொள்வாள். திரி வைக்கிற துளைப்பக்கம் மட்டும் போகமாட்டாள்.