குமிழி நடுவில் நிற்கவில்லை

கோடையில், ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை மணல் மூடிக்கொண்டால் ஏரியில் தண்ணீர் வற்றிவிடும். நடந்தால் சேறு இடுப்புவரை இழுக்கும். படகில் போனால் அடி தட்டும். ஏரிக்கு நடுவில் மணல்திட்டில் குடியிருக்கிறவர்கள் பாடு அப்போது திண்டாட்டம்தான்.

அவர்களுக்காக இலியாஸ் மேஸ்திரியின் பட்டறையில் ஒரு காற்றாடிப் படகு தயாராகிக்கொண்டிருந்தது. தட்டையான அடி. பின்பக்கம் உயரமான இரும்பு ஸ்டாண்டு. அதன்மேல் பழைய கார் எஞ்சினும் பெரிய காற்றாடியும் ஏறும். காற்றாடி காற்றைப் பின்னால் தள்ள, படகு சேற்றின்மேல் வழுக்கிக்கொண்டு போகும். ஸ்டாண்டு கோணினால் படகும் கோணிக்கொண்டுதான் போகும்.

ஸ்டாண்டு கட்டும் வேலை தனபாக்கியத்துக்கு. மேஸ்திரியைவிட மூத்தவள், ஆனாலும் வெல்டிங் கற்றது அவரிடம்தான். அவர் அவளை அக்கா என்பார். அவள் அவரை மேஸ்திரி என்பாள்.

வேலையில் கை இருந்ததே தவிர மனசு திட்டில் இருந்தது. அங்கேதான் மகள் மேகலா வாழ்க்கைப்பட்டிருந்தாள். நிறைமாதம். தலைப்பிரசவத்தைத் தாய்வீட்டில் பார்ப்பதுதானே முறை? கரைக்கு வந்துவிடு என்று தனபாக்கியம் போனில் கெஞ்சிப் பார்த்தாள், திட்டியும் பார்த்தாள்.

"நர்சம்மா இங்கேயேதான் தங்கியிருக்காங்க. நான் இங்கேயே இருக்கேம்மா. நீ வந்து கூட இரு. வரலைன்னாலும் பரவாயில்ல, நான் பாத்துக்கறேன்" என்றாள் மகள்.

அந்தக் கடைசிப் பேச்சு முள்ளாகத் தைத்துக் கிடந்தது.

படகு மணலில், செங்கல்மேலும் சவுக்குக் கட்டைமேலும் உட்கார்ந்திருந்தது. தனபாக்கியம் ஸ்டாண்டை நிறுத்தி, மட்டம் பார்க்கும் ரசமட்டக் கட்டையை மேலே வைத்தாள். குமிழி நட்டநடுவில் நின்றது.

"மேஸ்திரி, வந்து பாருங்க. நேரா இருக்கா?"

பார்த்தார். "இருக்கு."

"அப்போ முழுசா வெல்டு ஓட்டிடவா?"

"வேணாம். புள்ளி வச்சு மட்டும் நிறுத்துங்க."

நேராக இருக்கிறது, ஆனால் ஒட்ட வேண்டாம். இது என்ன கணக்கு? அவளுக்கு விளங்கவில்லை.

மறுநாள் காலையில் மேஸ்திரி வந்து, படகுக்கு அடியிலிருந்த ஒரு செங்கல்லைக் காலால் தள்ளினார். படகு லேசாகச் சாய்ந்தது. குமிழி ஓரத்துக்கு ஓடிவிட்டது.

தனபாக்கியம் வாய்க்குள் முணுமுணுத்தபடி புள்ளி வெல்டுகளை அறுத்தாள். ஸ்டாண்டின் காலுக்கு அடியில் தகடு கொடுத்துக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்தாள். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், கட்டை மணலில் இறங்கியிருந்தது. குமிழி மறுபடியும் ஓரத்தில்.

படகை ஓட்டப்போகிற எத்திராஜ், மணல்திட்டுக்காரன், வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். "ஏங்க்கா, இதுல காத்தாடி மாட்டப் போறீங்களா, இல்ல தொட்டில் கட்டப் போறீங்களா? இந்த ஆட்டம் ஆடுது."

"உன் வாயைத்தான்டா முதல்ல வெல்டு வைக்கணும்" என்றாள். அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. அவள் மறுபடியும் கிரைண்டரை எடுத்தாள்.

மேஸ்திரி சுவிட்சை அணைத்தார். "படகைத் தண்ணியில தள்ளுங்க."

தள்ளினார்கள். எத்திராஜ் ஏறி உட்கார்ந்தான்; படகின் பின்பக்கம் அமிழ்ந்தது. தனபாக்கியம் ஏறினாள், ஒருபக்கம் சாய்ந்தது. ஸ்டாண்டின்மேல் இருந்த குமிழி அங்கும் இங்கும் அலைந்தது.

"எதுதான் சரி மேஸ்திரி? கரையில நின்னது தண்ணியில நிக்கல. மட்டம் பொய் சொல்லுதா?"

"மட்டம் பொய் சொல்லாது. வீடு கட்ட அதுதான் வேணும். வீடு வச்ச எடத்துல இருக்கும்."

"படகுக்கு?"

அவர் ஒரு நூல்கண்டை அவள் மடியில் போட்டார். "படகு மூக்குல கட்டுங்க. படகுக்குப் படகுதான் அளவு."

படகை மறுபடியும் கரையேற்றினார்கள். தனபாக்கியம் மூக்கின் நடுவில் நூலைக் கட்டி, ஸ்டாண்டின் இரண்டு கால்களுக்கும் இழுத்துப் பார்த்தாள். ஒரு பக்கம் விரல்கடை நீளம் கூடுதல். சரிசெய்தாள். எஞ்சின் உட்காரும் சட்டத்தின் முன்னும் பின்னும், படகின் தளத்திலிருந்து ஒரே உயரம் வரும்வரை தட்டினாள். இப்போது நூலுக்கு எல்லாம் ஒத்துவந்தது. ரசமட்டத்தை வைத்துப் பார்த்தாள். குமிழி ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது.

"மேஸ்திரி, குமிழி ஓரத்துல நிக்குதே."

"நிக்கட்டும். முழுசா வெல்டு ஓட்டுங்க."

வெல்டிங் கண்ணாடியை முகத்துக்கு இறக்கிவிட்டு ஓட்டினாள். தப்பு செய்கிறோம் என்றே தோன்றியது.

எஞ்சினை ஏற்றி, காற்றாடி மாட்டி, எத்திராஜ் ஓட்டிக் காட்டினான். சேற்றின்மேல் கோடு போட்டதுபோலப் படகு நேராகப் போய், திரும்பி வந்தது. ஸ்டாண்டு அசையவில்லை. "தொட்டில் இல்லக்கா, தேரு" என்று கத்தினான். தனபாக்கியம் மட்டும் ரசமட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, குமிழியையும் படகையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் போன் அடித்தது. மருமகன். மேகலாவுக்கு வலி எடுத்துவிட்டது.

தனபாக்கியம் போட்டது போட்டபடி கிடக்க, கையிலிருந்த ரசமட்டத்தோடே ஓடிப்போய்ப் படகில் ஏறினாள். எத்திராஜ் எஞ்சினைத் திருகக் கையை வைத்தான். அவள் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"மேஸ்திரி, எனக்கு ஒண்ணுமே ஓடல. போனதும் அவளை ஏத்திக்கிட்டு நம்ம வீட்டுக்கு வந்துடவா? அதுதானே முறை? இல்ல, அவ சொன்ன மாதிரி அங்கேயே கூட இருந்துடவா? எது சரின்னு சொல்லுங்களேன்."

மேஸ்திரி சேற்றில் இறங்கிப் படகருகே வந்தார். கையை நீட்டினார்.

"அந்த ரசமட்டத்தைக் குடுத்துட்டுப் போங்க அக்கா."